சட்டமும் சால்பும்
கிரிக்கெட் வரலாறு கூறும் பாடம்

ஆட்டம் எதுவாயினும் அதற்கு இரண்டு நீதிகள் உண்டு. ஒன்று நூலில் எழுதி வைக்கப்பட்டது. மற்றொன்று ஆடுவோர் தம் நெஞ்சில் கொள்ள வேண்டியது. முன்னதைச் சட்டம் என்கிறோம். பின்னதைச் சால்பு எனலாம். இவ்விரண்டும் ஒத்துச் செல்லும் நாளில் எவருக்கும் வழக்கில்லை. இவை முரண்படும் நாளில்தான் ஆட்டக்காரரின் தரமும், பார்த்திருப்போரின் தரமும் ஒருங்கே வெளிப்படுகின்றன. கிரிக்கெட் ஆட்டத்தின் நெடிய வரலாற்றில் இத்தகைய நாட்கள் பல. அவற்றுட் சிலவற்றை நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

பொருத்தம் யாது எனச் சிலர் வினவலாம். கொச்சங்காடியிலும் அதனைச் சூழ்ந்த மட்டாஞ்சேரித் தெருக்களிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், மாலை வேளையில் சுவரில் மூன்று கோடு கிழித்து, அதனையே விக்கெட்டாக வைத்து ஆடுகின்றனர். சற்று வளர்ந்தவர்கள் கொச்சிக் கோட்டையின் பரேடு மைதானத்திற்குச் செல்கின்றனர். அண்மையிலுள்ள திருப்பூணித்துறையிலோ, கேளப்பன் தம்புரான் முயற்சியால் 1951-ஆம் ஆண்டில் பூஜை கிரிக்கெட் போட்டி தொடங்கிற்று. ஒரு பக்கத்தார் இத்தனை ஓவர்தான் ஆடலாம் என்னும் வரையறையை, உலகப் பெரும் கழகங்கள் கைக்கொள்ளுமுன்பே கைக்கொண்ட பெருமை அவ்வூருக்கு உண்டு. ஆகவே இவ்வாட்டம் நமக்குத் தொலைவிலுள்ள பொருளன்று. தமிழும் மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் ஒரே சந்தில் ஒலிக்கும் இவ்வூரில், பிள்ளைகள் அனைவரும் ஒருங்கே பேசும் மொழி இது. அம்மொழியில் அவர்கள் நேர்மையைப் பேசக் கற்கின்றனரா என்பது பெற்றோராகிய நம் கவலையாக இருத்தல் வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும், சான்றாண்மைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னதை அறத்துப்பாலிலும் பின்னதைப் பொருட்பாலிலும் வைத்தார். தராசு கோணாமல் இருத்தல் ஒரு பண்பு. தராசு தனக்குத் தரும் பங்கையும் விட்டுக்கொடுத்தல் மற்றொரு பண்பு. இரண்டும் ஒன்றெனக் கொண்டால் குழப்பமே மிஞ்சும். கிரிக்கெட் உலகில் நேர்ந்த பெரும் பூசல்கள் பலவும் இக்குழப்பத்தின் விளைவே.

சட்டம் வைத்த வாயில்

கிரிக்கெட்டின் சட்டங்கள் 1744-ஆம் ஆண்டில் முதன்முதலாக இங்கிலாந்தில் எழுதப்பட்டன. 1787-இல் தோன்றிய எம்.சி.சி. கழகம் அடுத்த ஆண்டே அவற்றைத் திருத்தி வெளியிட்டது. இன்றளவும் அச்சட்டங்களின் காவலர் அக்கழகத்தாரே. 2000-ஆம் ஆண்டில் காலின் கௌட்ரி, டெட் டெக்ஸ்டர் என்னும் முன்னாள் தலைவர் இருவரின் முயற்சியால், ‘ஆட்டத்தின் உணர்வு’ பற்றிய முன்னுரை ஒன்று சட்ட நூலின் தலைப்பில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் எழுதாமல் காத்து வந்த ஒன்றை எழுதிக் காக்க வேண்டிய காலம் வந்தது போலும்!

எனினும் பழைய சட்டத்திற்குள்ளேயே சால்புக்கு ஒரு வாயில் இருந்ததை நம்மில் பலர் கவனிப்பதில்லை. எதிர்ப்பக்கத்தார் முறையிட்டாலன்றி நடுவர் எவரையும் ‘அவுட்’ என்று தீர்ப்பளித்தல் ஆகாது. நடுவருக்கு ஐயமில்லை ஆயினும், முறையீடு இல்லையேல் தீர்ப்பும் இல்லை. முறையிட்ட பின்னரும், நடுவரின் இசைவுடன் அதனைத் திரும்பப் பெறும் உரிமை தலைவருக்கு உண்டு. சட்டம் கையில் வாளைக் கொடுக்கிறது. உருவுவதும் உறையிலிடுவதும் அவரவர் பெருந்தன்மையைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது. ஆகவே சட்டமும் சால்பும் பகைகள் என்பார் சட்டத்தை முழுதும் படிக்காதவரே.

1882: ஓவல் மைதானம்

1882 ஆகஸ்டு 29-ஆம் நாள். லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதின. ஆஸ்திரேலியரின் இரண்டாம் ஆட்டத்தில் சாம்மி ஜோன்ஸ் என்னும் இளைஞர் ஓர் ஓட்டத்தை ஓடி முடித்தார். பந்து ஓய்ந்துவிட்டது என்று எண்ணி, கோட்டை விட்டு வெளியே வந்து தரையைச் சமன் செய்யலானார். இங்கிலாந்தின் புகழ்மிகு ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் கையிலிருந்த பந்தால் விக்கெட்டைத் தட்டி முறையிட்டார். பந்து ஓயவில்லை என்பதே சட்டம். ஆதலின் ஜோன்ஸ் வெளியேறினார்.

சட்டப்படி கிரேஸ் செய்தது சரி. ஆனால் அச்செயல் ஸ்பாஃபோர்த் என்னும் ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளரின் உள்ளத்தில் தீயை மூட்டிற்று. இங்கிலாந்து வெற்றி பெற 85 ஓட்டங்களே தேவை. ஸ்பாஃபோர்த் 44 ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து 77 ஓட்டங்களில் அடங்கி, ஏழு ஓட்டங்களில் தோற்றது. ‘ஆங்கிலக் கிரிக்கெட் இறந்தது’ எனப் பத்திரிகை ஒன்று கேலியாக இரங்கல் குறிப்பு வெளியிட்டதும், அதிலிருந்து ‘சாம்பல்’ கோப்பை என்னும் மரபு பிறந்ததும் உலகறிந்த செய்தி. ஒரு விக்கெட்டை எளிதாகப் பறித்தவர், ஓர் ஆட்டத்தையே இழந்தார்.

ஆயினும் கிரேசின் பெயருக்கு இதனால் இழுக்கு நேரவில்லை. லார்ட்ஸ் மைதானத்தின் வாயில் ஒன்று 1923 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதனை நினைவிற்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்வோம்.

1947: மங்கட் பெற்ற பழி

நம் நாடு விடுதலை பெற்ற நான்கு மாதங்களுக்குள், லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா சென்றது. அவ்வணியில் வினூ மங்கட் இருந்தார். பந்து வீச முற்படும்போதே எதிர்முனையில் நிற்பவர் கோட்டை விட்டு முன்னேறி, ஓட்டத்தில் சில அடிகளைக் களவாடுவதுண்டு. சிட்னியில் நடந்த முந்தைய ஆட்டமொன்றில் பில் பிரௌன் என்பார் அவ்வாறு முன்னேறியபோது, மங்கட் முதலில் எச்சரித்தார். பிரௌன் திருந்தாமை கண்டு பின்னர் அவரை வெளியேற்றினார். 1947 டிசம்பர் 13-ஆம் நாள் அதே சிட்னியில் இரண்டாம் டெஸ்ட் ஆட்டம். பிரௌன் 18 ஓட்டங்கள் எடுத்திருந்தார். மீண்டும் முன்னேறினார். இம்முறை எச்சரிக்கையின்றியே மங்கட் விக்கெட்டைத் தட்டினார்.

பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அன்று முதல் அவ்வகை வெளியேற்றத்திற்கு மங்கட்டின் பெயரையே சூட்டிவிட்டனர். 1835-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் என்னும் பந்து வீச்சாளர் இதனைச் செய்திருந்தார். அவர் பெயர் எந்தச் சொல்லுக்கும் இடப்படவில்லை. ஆஸ்திரேலியத் தலைவர் பிராட்மன் தம் வரலாற்று நூலில் மங்கட்டுக்காக வாதாடினார். எதிர்முனையில் நிற்பவர் முறையற்ற பயன் அடையாமல் தடுக்கவே சட்டம் இவ்வழியை வகுத்தது என்று தெளிவுபடுத்தினார். எதிரணித் தலைவரே சான்று பகர்ந்தும் பழி நீங்கவில்லை.

சென்னை மக்கள் மங்கட்டை அறிந்த விதம் வேறு. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியபோது, இங்கிலாந்தின் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் அவர். 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பொரேஷன் மைதானத்தில் நியூஜிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தவரும் அவரே. அவற்றுள் அவருடைய பங்கு 231. இத்தகைய பெருந்தொண்டுகளை ஒரு கணத்துச் செயல் மறைத்துவிட்டது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கிரேஸ் தம் ஊரில் நின்று செய்தார். அவருக்கு வாயில் எழுந்தது. மங்கட் அயலூரில் நின்று செய்தார். அவருக்குப் பழிச்சொல் எழுந்தது. ஜோன்ஸ் எந்தப் பயனையும் நாடாமல் தரையைத் தட்டியவர். பிரௌனோ எச்சரிக்கப்பட்ட பின்னரும் முன்னேறியவர். இருவருள் இரங்கத்தக்கவர் யார் என்பதைப் படிப்போரே முடிவு செய்க. சால்பு என்னும் சொல்லை உள்ளூரார் வந்தவர்மீது வீசும் கல்லாகவும் பயன்படுத்தலாம் என்பதற்கு இது சான்று. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

எச்சரிக்கை செய்தல் நல்லதன்றோ எனக் கேட்கலாம். நல்லதே. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன், பசுக்களையும் பெண்டிரையும் பிணியாளரையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்தான் என நெட்டிமையார் புறநானூற்றில் போற்றுகிறார். போருக்கே முன்னறிவிப்புத் தந்த மரபு நம்முடையது. ஆயினும் அது அம்மன்னன் தானே மேற்கொண்ட பெருமை. பிறர் கட்டாயப்படுத்திப் பெற்றதன்று. மேலும், எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் உண்டு என்றால், முதல் களவுக்குத் தண்டனையில்லை என்று சட்டமே சொன்னதாகிவிடும்.

1980: விசுவநாத்தின் அழைப்பு

சால்பு என்பது எது எனக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 1980 பிப்ரவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை ஒட்டிப் பம்பாய் வாங்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் ஒரு டெஸ்ட் நடந்தது. இந்தியத் தலைவர் ஜி. ஆர். விசுவநாத். 1975-இல் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்துச் சென்னை மக்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட அதே விசுவநாத்.

இந்தியா 242 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. கபில்தேவ் வீசிய பந்தில் பாப் டெய்லர் பிடி கொடுத்ததாக நடுவர் கையை உயர்த்தினார். பந்து மட்டையில் படவில்லை என்பது விசுவநாத்தின் உறுதி. நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார். டெய்லர் 43 ஓட்டங்கள் எடுத்தார். அவரும் போத்தமும் சேர்ந்து ஆறாம் விக்கெட்டுக்கு 171 ஓட்டங்கள் குவித்தனர். போத்தம் 114 ஓட்டங்களும் பதின்மூன்று விக்கெட்டுகளும் பெற்றார். இந்தியா பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றது.

விசுவநாத் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவை இரண்டே டெஸ்டுகள். இது இரண்டாவது. வெற்றி அவர் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. நடுவரின் தீர்ப்பே அவருக்குத் துணையாகவும் நின்றது. அதனை அவர் வேண்டாமென்றார். சால்பின் உரைகல் தோல்வியை ஏற்கும் முறையில் உள்ளது எனச் சான்றாண்மை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறிக்கு இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு ஆடுகளத்தில் கிடைப்பது அரிது. 2011 ஜூலையில் டிரென்ட் பிரிட்ஜில், தேநீர் இடைவேளை வந்துவிட்டதென எண்ணிக் கோட்டை விட்டு நடந்த இயன் பெல்லைத் திரும்ப அழைத்தபோது தோனி நடந்த வழியும் இதுவே. அவ்வாட்டத்திலும் இந்தியா தோற்றது. விட்டுக்கொடுத்தவன் விலை கொடுத்தான் என்பதே இந்நிகழ்ச்சிகளின் சிறப்பு. விலையில்லாத சால்பு வெறும் பேச்சு.

2006: முரளியின் வாழ்த்து

ஓவலில் நடந்தது நூற்று இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நியூஜிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் மீண்டும் நடந்தது. இம்முறை இழந்தவர் நம்மவர். இலங்கை மலைநாட்டுத் தமிழராகிய முத்தையா முரளிதரன் கடைசி ஆட்டக்காரராக நின்றார். குமார் சங்கக்காரா நூறாவது ஓட்டத்தை எடுத்து முடித்தார். ஓட்டத்தை நிறைவு செய்து மட்டையைக் கோட்டில் வைத்த முரளி, தோழரை வாழ்த்தத் திரும்பி நடந்தார். பந்து ஓயவில்லை. விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மெக்கல்லம் பந்தைப் பெற்று விக்கெட்டைத் தட்டினார். இலங்கையின் ஆட்டம் முடிந்தது. நியூஜிலாந்து வென்றது.

வாழ்த்தச் சென்ற கால்களைச் சட்டம் வழிமறித்தது. குற்றம் சட்டத்தினுடையதன்று, பந்து எப்போது ஓய்ந்தது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும்தான். ஆனால் முறையிடாமல் இருக்க மெக்கல்லத்துக்கு உரிமை இருந்தது. பத்தாண்டு கழிந்தபின், 2016-இல் லார்ட்ஸில் கௌட்ரி நினைவுச் சொற்பொழிவாற்றிய அவர், அன்று செய்ததற்காக முரளியிடமும் சங்கக்காராவிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். சட்டம் அவரைக் குற்றவாளி எனவில்லை. அவர் உள்ளமே தீர்ப்பளித்தது. சால்பின் நீதிமன்றம் அதுவொன்றே.

அசுவினும் புதிய சட்டமும்

சென்னை தந்த சுழற்பந்து வீரர் அசுவினின் வரலாறு இவ்விரு நெறிகளுக்கும் இடையே ஓடியது. 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில், முன்னேறிச் சென்ற இலங்கையின் திரிமன்னேயை அவர் வெளியேற்ற முயன்றார். தலைவர் சேவாக், டெண்டுல்கருடன் கலந்து முறையீட்டைத் திரும்பப் பெற்றார். இலங்கை வென்றது. 2019 மார்ச் 25-இல் ஜெய்ப்பூரில், தாமே பஞ்சாப் அணியின் தலைவராக நின்றபோது, 69 ஓட்டங்கள் எடுத்திருந்த ஜாஸ் பட்லரை அசுவின் அவ்வாறே வெளியேற்றினார். இம்முறை முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. பட்லரோ 2014-இலேயே இலங்கை வீரர் சேனநாயக்காவால், எச்சரிக்கப்பட்ட பின் அவ்விதம் வெளியேற்றப்பட்டவர்.

அசுவினைத் தூற்றியோரும் போற்றியோரும் பலர். எச்சரிக்கை தேவை எனச் சட்டம் என்றும் சொன்னதில்லை என்று எம்.சி.சி. முதலில் அறிவித்தது. பின்னர் நிகழ்ச்சியை மீண்டும் ஆராய்ந்து, அசுவின் சற்றே தயங்கி நின்றதாகவும், அது ஆட்டத்தின் உணர்வுக்கு ஒவ்வாது என்றும் கூறிற்று. சட்டம் காத்தவர்க்கே இரு மனம்! அடுத்த ஆண்டு துபாயில், ஆரோன் ஃபின்ச் முன்னேறியபோது அசுவின் வெளியேற்றாமல் எச்சரித்து விட்டார். விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் அல்லர் அவர். தம் உரிமை எது, தம் கொடை எது எனப் பிரித்துக் காட்டினார்.

இறுதியில் சட்ட நூலே திருந்திற்று. 2022 அக்டோபர் முதல் இவ்வகை வெளியேற்றம் ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் பகுதியிலிருந்து நீங்கி, ‘ரன் அவுட்’ பகுதியில் இடம்பெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்னரே லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை இவ்விதம் வெளியேற்றிப் பெரும் விவாதத்தை எழுப்பியிருந்தார். மங்கட்டின் பெயரைப் பழிச்சொல்லாக வழங்குதல் தகாது எனச் சுனில் கவாஸ்கர் முதலியோர் நெடுநாள் வற்புறுத்தினர். 2021-இல் உலகக் கிரிக்கெட் மன்றத்தின் புகழ் மண்டபத்தில் மங்கட் இடம்பெற்றார். அவர் மறைந்தது 1978-இல். நீதி நாற்பத்து மூன்று ஆண்டுகள் தாழ்ந்தே வந்தது.

பட்லரும் அசுவினும் என்னவாயினர்? 2022-இல் இருவரும் ராஜஸ்தான் அணியில், கேரளத்தின் சஞ்சு சாம்சன் தலைமையில் தோழராக ஆடினர். அவ்வாண்டு அவ்வணி இறுதி ஆட்டம் வரை சென்றது. பார்த்திருந்தோர் பகை வளர்த்தனர். ஆடியோர் பகையை முடித்துக்கொண்டனர்.

கேரளம் கண்ட இரு முகம்

சட்டத்தால் வரும் பயன் யாவும் சால்புக்கு மாறானவை அல்ல. 2025 பிப்ரவரியில் அகமதாபாத்தில் ரஞ்சிக் கோப்பை அரையிறுதி. கேரளம் 457 ஓட்டங்கள் எடுத்தது. குஜராத் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 455-ஐ எட்டியிருந்தது. நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலெழும்பி, தலைவர் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. 2017-க்கு முன் ஆகியிருப்பின் அது பிடியாகாது. அவ்வாண்டில் மாறிய சட்டம் அதனைப் பிடியெனக் கொண்டது. இரண்டு ஓட்ட முன்னிலையால் கேரளம் வரலாற்றில் முதன்முறையாக இறுதி ஆட்டத்திற்குச் சென்றது. இதில் வஞ்சகம் எங்கே? எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. சட்டம் இருவருக்கும் ஒன்றே.

நாகபுரியில் நடந்த இறுதி ஆட்டமோ வெற்றி தோல்வியின்றி முடிந்தது. முதல் ஆட்டத்தில் விதர்பா 379, கேரளம் 342. முப்பத்தேழு ஓட்ட முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்குச் சென்றது. அகமதாபாத்தில் கொடுத்த அதே விதி நாகபுரியில் எடுத்துக்கொண்டது. கொடுத்தபோது மகிழ்ந்தவர், எடுத்தபோது முணுமுணுத்தல் கூடாது. அதுவும் சால்பின் ஒரு பகுதியே.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? சட்டத்தை எவரிடமும் கேட்கலாம். சால்பை நம்மிடம் மட்டுமே கேட்கலாம். எதிரியிடம் சென்று ‘நீ பெருந்தன்மை காட்டு’ என்று வற்புறுத்துவோன் தன் இழப்பைப் பிறர் செலவில் ஈடுசெய்ய நினைக்கிறான். கோட்டை விட்டு முன்னேறியவன், தன்னைப் பிடித்தவனை நோக்கி நேர்மை பேசுதல் நகைப்புக்கிடம். அவ்வாறே, தன் கொடையாய் இருக்க வேண்டியதைச் சட்டம் கேட்கவில்லை எனத் தட்டிக் கழிப்போன், வென்றாலும் மெக்கல்லத்தைப் போலப் பின்னொரு நாள் உறுத்தலோடு வாழ்வான்.

காலனி வாழ்வும் ஓர் ஆட்டமே. குழாயடியில் வரிசை உண்டு. சீட்டுப் பிடிப்பதில் முறை உண்டு. வாடகைக்கு நாள் உண்டு. சங்கத் தேர்தலுக்கும் விதிகள் உண்டு. அவற்றைக் காப்பது நம் கடமை. கைக்குழந்தையுடன் நிற்கும் அண்டை வீட்டு அம்மையாருக்கு நம் முறையை விட்டுக்கொடுப்பது நம் பெருமை. ஆனால் அவ்வாறு விட்டுக்கொடுக்காதவரைத் தெருவில் நிறுத்திப் பழிப்பது கடமையுமன்று, பெருமையுமன்று. சிறப்பாக, புதிதாக வந்து குடியேறியவர் ஒருவர் நம் வழக்கம் அறியாமல் சட்டப்படி நடந்துகொண்டால், அவர் பெயரைப் பழிச்சொல்லாக்கி விடாதிருப்போமாக. மங்கட்டுக்கு நேர்ந்தது நம் தெருவில் எவருக்கும் நேரக்கூடாது.

நம் பிள்ளைகள் மட்டையைக் கையிலெடுக்கும்போது இரண்டு சொற்களைச் சொல்லி அனுப்புவோம். பந்து வீசப்படும் வரை கோட்டுக்குள் நில். எதிரி வாழ்த்தச் சென்றால் பந்தைக் கையிலேயே வைத்திரு. முன்னது சட்டம், பின்னது சால்பு. இரண்டையும் கற்ற பிள்ளை தோற்று வந்தாலும் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.